குறைகள் முதலில்

"தட்டு," என்றார் அப்பா, கட்டிலில் படுத்தபடியே. "நகத்தால தட்டு. மோதிரம் பட்டுடாம."

சின்னவள் பீங்கான் ஜாடியை உள்ளங்கையில் நிறுத்தி, வயிற்றுப் பக்கமாக ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னொண்ணு. கைப்பிடிக்குக் கீழ."

தட்டினாள். அவள் காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்.

"விரிசல் இருக்கு," என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். "விளக்கு எங்க வச்சிருக்க?"

"முன்னாடி."

"முன்னாடி வச்சா எல்லாம் அழகாத்தான் தெரியும். பக்கவாட்டுல கொண்டு வா."

விளக்கை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும், அதுவரை இல்லாத ஒரு கோடு தலைமுடி கனத்தில் கைப்பிடியின் அடியிலிருந்து ஜாடியின் அடிப்பாகம் வரை ஓடியது. மூன்று நாளாக அந்த ஜாடி அவள் கையில்தான் இருந்தது. துடைத்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள், கண்ணில் படவில்லை. அளவு தெரிவதற்காக ஒரு தீக்குச்சியைக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

"எழுது. குறைகள். கைப்பிடிக்குக் கீழே முடி விரிசல் ஒன்று. தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"ஒரு மணி நேரம் வச்சிருந்தேன்பா. ஒழுகல."

"அப்போ 'ஒரு மணி நேரம் ஒழுகவில்லை'ன்னு எழுது. 'ஒழுகாது'ன்னு எழுதாத. நாளைக்கு என்ன ஆகும்னு நமக்கு என்ன தெரியும்?"

அவளுக்குத் தெரியும். நாளைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள் என்று அப்பாவைப் பற்றி டாக்டர் தொலைபேசியில் சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்பா முப்பது வருஷம் ஓர் ஆலையில், வாசலுக்கு வரும் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. வீடு காலி செய்பவர்களிடமிருந்து பழைய பொருட்களை வாங்கி, இணைய ஏலத்தில் விற்க ஆரம்பித்தார். மற்றவர்கள் எல்லாம் 'அருமையான நிலையில்', 'கிடைப்பதற்கரியது' என்று ஆரம்பிக்கும் இடத்தில் இவர் 'குறைகள்' என்று தலைப்புப் போட்டு ஆரம்பிப்பார். 'குறைகள்: மூடி சேராது. சேர்ந்தாலும் மூடாது.' 'குறைகள்: இந்த நாற்காலியில் குண்டானவர் உட்காரலாம், ஆனால் எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூட வரும்.' நிறைகள் கடைசியில் ஒரு வரி இருக்கும், இருந்தால். ஏலத்துக்கு வருகிறவர்கள் அவருக்குக் 'குறைசொல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஐயா, நான் வாங்க வரலை, படிக்கத்தான் வந்தேன்" என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் எதையாவது வாங்கிக்கொண்டும் போவார்கள். குறை சொல்லியே பொருளை விற்ற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு வார்த்தை உண்டு: 'சோதிக்கவில்லை.' அதை எந்த விற்பனையில் கண்டாலும் சிரிப்பார். "சோதிச்சுப் பாத்து, ஓடலன்னு தெரிஞ்சுக்கிட்டவன்தான் சோதிக்கலன்னு எழுதுவான். நிஜமாவே சோதிக்காதவன் 'நன்றாக ஓடும்'னு எழுதியிருப்பான்."

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் சின்னவள் ஏழு வாரத்துக்கு முன் மருத்துவமனையிலிருந்து வந்து, "பெரிய ரிப்போர்ட் இன்னும் வரலப்பா. இப்போதைக்குக் குடல்ல புண்ணுன்னு சொல்றாங்க. மாத்திரைல ஆறிடுமாம்" என்றாள். ரிப்போர்ட் அவள் கைப்பையில் நான்காக மடித்து இருந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான். ஜாடியின் சத்தத்தில் விரிசலைப் பிடிக்கும் காது, பெற்ற மகளின் குரலில் எதையும் பிடிக்கவில்லை. பிடிக்க அது முயலவும் இல்லை என்பதுதான் அவளை அன்றிலிருந்து தின்றுகொண்டிருந்தது.

யோசனை அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், நடைபாதையில் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. ஒரு உசுருக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடாது. சொன்னா இன்னிக்கே உடைஞ்சிடுவான் என் தம்பி. இருக்கிற நாளாவது நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்டி."

ஒரு பொய் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு அதற்குத் துணையாக, மாத்திரையின் பெயர் எழுதிய அட்டையைக் கிழிக்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. எடை குறைந்ததற்கு ஒரு காரணம், கால் வீங்கியதற்கு ஒரு காரணம். அப்பா எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றார்.

"சின்னு," என்றார் இப்போது. "அந்த டிக்கெட் விஷயம் என்னாச்சு?"

அவள் விளக்கை அணைத்தாள்.

"எந்த டிக்கெட்டுப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. பெரியவன் ஊருக்கு. அடுத்த மாசம் முதல் வாரம்னு சொன்னேன்ல."

பெரியவன் அவளுடைய அண்ணன். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு நகரத்தில், வாடகைக்கு விடும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். பத்துக்குப் பத்து அறையை மைதானம் போலக் காட்டும் லென்ஸ் அவனிடம் இருந்தது. ஐந்து வருஷமாக இந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை.

அதற்கு முன் அப்பாவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது அவன்தான். ஒரு பழைய மடிப்புக் கேமரா வந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. பெரியவன் விளக்கை முன்னால் வைத்துப் படம் எடுத்தான், பூஞ்சை மறைந்துபோனது. 'லென்ஸ் தெளிவாக உள்ளது' என்று அவனே எழுதியும் விட்டான். அப்பா அந்த வாரம் ஊரில் இல்லை. வாங்கியவர் வயதான ஒரு கம்பவுண்டர். ஆசை ஆசையாகத் தன் பேத்தி பிறந்த அன்று அதில் படம் பிடித்து, கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படமும் புகைமூட்டம். அப்பா கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். முடிந்துபோன அந்த ஏலத்தின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரியும் எழுதினார்: 'இந்த விவரத்தை எழுதியது என் மகன். அவன் பொய் சொல்லியிருக்கிறான். இனி அவன் எடுக்கும் படம் எதுவும் இந்தப் பக்கத்தில் வராது.' காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை தன் குஞ்சையும் பக்கவாட்டு விளக்கில்தான் வைத்துப் பார்த்தது. மறுநாள் காலை பெரியவன் ஒரு பையோடு கிளம்பிப் போனான்.

முடிந்த ஏலத்தின் கீழே எழுதியதை அழிக்க அந்தத் தளம் விடாது. இரண்டு வருஷம் கழித்து அப்பா அழிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் அதைப் பற்றி வெகுநாள் பேசவில்லை. இந்த ஏழு வாரமாகத்தான், படுக்கையில் சும்மா கிடந்ததில், அடிக்கடி பேசினார்.

"அந்த வரிய நான் எழுதியிருக்க வேணாம். பொய்யில்லதான். ஆனா எழுதியிருக்க வேணாம். போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல இது. ஊர் பாக்க எழுதினதுக்கு, நேர்ல போய் அவன் வாசல்ல நின்னு சொல்லணும்."

"நான் வேணா அண்ணனை வரச் சொல்லட்டுமாப்பா?"

"படுத்துக் கிடக்கேன்னு சொல்லியா? வேணாம். பரிதாபத்துல வருவான். வந்தா நான் என்ன சொன்னாலும் நோயாளி பேச்சுன்னு தலையாட்டிட்டுப் போயிடுவான். புண்ணு ஆறட்டும். என் கால்ல நடந்து போறேன்."

இந்தப் பேச்சை அவள் குறைந்தது பத்து முறை கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்தது: அப்பா, ஆறாது, இப்பவே கூப்பிடுங்க. ஒவ்வொரு முறையும், நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கினாள். வலி குறைந்த நாளில், நன்றாக இருக்கிறாரே, கெடுப்பானேன் என்று தோன்றியது. வலி கூடிய நாளில், இந்த வலியோடு இதுவுமா என்று தோன்றியது.

"போன எடு," என்றார் அப்பா. "என் கண்ணு முன்னாடி போடு. ஜன்னல் சீட்டு. மூணாம் தேதி."

சின்னவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலை ஒன்பது மணி வெயில் போர்வையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அப்பா இருக்கிறார் என்று சொல்ல முடியாதபடி போர்வை தட்டையாக இருந்தது. சொல்வதற்கு இதைவிடச் சரியான நேரம் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தேதியைத் தேர்ந்தெடுத்தாள். ஜன்னல் இருக்கையைத் தேர்ந்தெடுத்தாள். பயணியின் வயது என்ற கட்டத்தில் எழுபத்தொன்று என்று நிரப்பினாள். டிக்கெட் வந்ததும் அவர் முகத்துக்கு நேராகத் திரையைப் பிடித்தாள்.

அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார். தேதியைப் படித்தார், இருக்கை எண்ணைப் படித்தார். "திரும்பி வர டிக்கெட் போடாத," என்றார். "இருடான்னு சொன்னா ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்."

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதை அவள் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

*

பதினோரு மணிக்கு மேல் வலி பிடித்துக்கொண்டது. அத்தை பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள், இனி இங்கே கொண்டுவருவதில் அர்த்தமில்லை, இந்தச் சொட்டு மருந்தை நாக்கின் அடியில் விடுங்கள் என்று. விட்டார்கள். அப்பாவின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குச் சின்னவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

"அண்ணா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வா."

எங்கோ ஒரு காலி அறையில் நிற்கிறான் போலிருக்கிறது, அவன் செருப்புச் சத்தம் எதிரொலித்தது.

"அவரு கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடுறேன். வாண்ணா."

"வரேன்," என்றான்.

அவள் திரும்பி வந்தபோது அப்பா விழித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அத்தை துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பார்வை தாயைத் தேடுகிற குழந்தையைப் போல அறையைச் சுற்றிவந்து சின்னவளிடம் நின்றது.

"சின்னு. புண்ணு இவ்ளோ வலிக்குமா?"

அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அண்ணன் கிளம்பிவிட்டான். இப்போது சொன்னால், அண்ணன் வருகிறான் என்றும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அவர் சொல்ல வேண்டியதைப் போனிலாவது சொல்லிவிடுவார். இத்தனை வருஷமாகச் சொல்லக் காத்திருப்பது, இரண்டு நிமிஷப் பேச்சு. அவள் கையில்தான் போன் இருந்தது.

"ஆறும்போது அப்படித்தாம்பா வலிக்கும்," என்றாள்.

"அப்படியா," என்றார் அப்பா. பிறகு, "நல்லது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் வார்த்தையாக வரவில்லை. மூன்றே முக்காலுக்கு மூச்சு நின்றது. அமைதியாகப் போனார் என்று அத்தை பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அப்படிப் போகவில்லை. கட்டில் சட்டத்திலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உடம்பை மூட வெள்ளைத் துணி தேவைப்பட்டது. வீட்டில் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி ஒன்றுதான் இருந்தது, படம் எடுக்கப் பின்னால் விரிப்பது. அத்தை ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டு அதை உருவி எடுத்துக்கொண்டு போனாள்.

*

ஆறரை மணிக்குப் பெரியவன் வந்தான். வாசலில் நின்றிருந்த அக்கம்பக்கத்தார் வழிவிட்டார்கள். தாடி வைத்திருந்தான், அதில் பாதி நரைத்திருந்தது. அப்பாவின் காலடியில் போய் நின்றான். முகத்தருகே போகவில்லை. அழவும் இல்லை. அத்தை அவன் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அஞ்சு வருஷம் கழிச்சு வந்தியேடா, அஞ்சு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். காகிதக் கோப்பையில் டீ வந்தது. யாரோ ஒரு பெண்மணி, "அவருக்கு நோவு இன்னதுன்னு தெரியுமா?" என்று அத்தையிடம் கேட்டாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம என்ன? எல்லாம் தெரியும். மனசத் திடமா வச்சிருந்தான். யாரையும் கூப்பிட வேணாம், தொந்தரவு பண்ண வேணாம்னுட்டான். என் தம்பி அப்படித்தான்."

துக்க வீட்டில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் பழக்கத்தில் அத்தை அதைச் சொன்னாள். தம்பியை ஒரு படி உயர்த்திச் சொன்னதாகத்தான் அவளுக்கு நினைப்பு. ஆனால் பெரியவன் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போவதைச் சின்னவள் பார்த்தாள்.

சரக்கு அறையில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்றிருந்தான். சுற்றிலும் விற்காத பொருட்கள், ஒவ்வொன்றிலும் நூல் கட்டித் தொங்கும் சீட்டில் அப்பாவின் கையெழுத்து. அவன் ஒரு சீட்டைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் தெரியுமாம்," என்றான் திரும்பாமல். "எத்தனை நாளா?"

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"சாகப் போறோம்னு தெரிஞ்சும் யாரையும் கூப்பிட வேணாம்னாராம். யாரையும்னா யாரு? கூப்பிட இருந்தது நான் ஒருத்தன்தானே." அவன் சீட்டை விட்டான், அது சுழன்றது. "நான் ஒரு முட்டாள். வண்டில வரும்போது, அவருதான் கூப்பிடச் சொல்லியிருப்பாரு, இவ வெளிய சொல்ல மாட்டேங்கிறான்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வழிகள் இருந்தன. சும்மா இருக்கலாம். அண்ணன் காலம் முழுக்க அப்பாவை வெறுத்துக்கொண்டிருப்பான், அவளோடு பேசிக்கொண்டிருப்பான். அல்லது, உன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் உயிர் போயிற்று என்று சொல்லலாம். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? அத்தை சத்தியமே செய்வாள். இனி அவளுக்கென்று இருப்பது அண்ணன் ஒருவன்தான். மூன்றாவது வழியில் போனால் அவனும் இருக்கமாட்டான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அப்பாவுக்குத் தெரியாதுண்ணா," என்றாள்.

அவன் திரும்பினான்.

"அத்தை சொல்றது பொய். அவருக்குக் குடல்ல புண்ணுன்னு நான்தான் சொன்னேன். ஏழு வாரமா. ஆறிடும்னு நம்பிக்கிட்டே போனாரு. உன்னைப் பார்க்க வரணும்னு இருந்தாரு. அந்த வரிய எழுதியிருக்க வேணாம்னு தெனம் சொல்வாரு. நேர்ல வந்து உன் வாசல்ல நின்னு சொல்லணும்னு. இதப் பாரு."

போனை நீட்டினாள். அவன் டிக்கெட்டைப் படித்தான். அப்பா படித்த மாதிரியே தேதியை, இருக்கை எண்ணை, வயதை. பிறகு விரலால் திரையை மேலே தள்ளி, எப்போது பதிவு செய்தது என்று பார்த்தான்.

"இன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கா?"

"ம்."

"அப்போ உனக்குத் தெரியும்ல, இன்னிக்கோ நாளைக்கோன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டியா?"

"போடச் சொன்னாரு."

பெரியவன் போனை அவளிடம் தரவில்லை. பக்கத்து அலமாரியில், ஒரு பழைய தராசின் தட்டில் வைத்தான்.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா அவரு எனக்குப் போன் பண்ணியிருப்பாரு."

"பண்ணியிருப்பாரு."

"இன்னிக்குக் காலைல சொல்லியிருந்தாக்கூட."

"ஆமாண்ணா."

அவள் எதையும் மறுக்கவில்லை. அழுதால் அது மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும் என்று அழுகையையும் அடக்கிக்கொண்டாள். வெளியே யாரோ நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒரு கேமரா விஷயத்துல பொய் சொன்னேன்," என்றான் பெரியவன். குரல் உயரவே இல்லை. "ஒரு கேமரா. அதுக்கு ஊர் சிரிக்க என் பேர எழுதிவச்சாரு. அந்த வரி இன்னும் இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் போய்ப் பாப்பேன், தெரியுமா உனக்கு? ஒரு நாள் கீழ ஏதாச்சும் எழுதியிருக்க மாட்டாரான்னு. நீ முழு மனுஷனையே பொய்யில வச்சு அனுப்பியிருக்க. உன் பேர யாரு எழுதுறது?"

அவன் அவளைத் தாண்டி வெளியே போய், அப்பாவின் தலைமாட்டில், இம்முறை முகத்துக்கு அருகிலேயே உட்கார்ந்தான். பக்கத்தில் யாரையும் உட்காரவிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். முன்பக்கம் பெரியவன்தான் தூக்கினான். எல்லாம் முடிந்து கை கால் கழுவும் இடத்தில், அவள் அவனுக்குத் துண்டை நீட்டினாள். வாங்கிக்கொள்ளாமல் சட்டையிலேயே கையைத் துடைத்தான்.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போண்ணா," என்றாள்.

"போறேன்," என்றான்.

துக்கத்தில் சொல்லும் வார்த்தை இல்லைதான், ஆனாலும் வருகிறேன் என்று சேர்த்துச் சொல்வான் என்று நின்றாள். அவன் சாலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். அத்தை அவளைத் தேற்றினாள். "கோவத்துல போறான். ரத்தம் எங்க போகும்? நாலு நாள் போனா வந்துடுவான். நீ ஏண்டி அவங்கிட்ட வாயத் திறந்த? நான்தான் அழகா முடிச்சு வச்சிருந்தேனே." சின்னவள் அத்தையோடு சண்டை போடவில்லை. அத்தையின் மேல் பழி போட்டுத் தப்பிக்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 'ஆறும்போது அப்படித்தான் வலிக்கும்' என்று சொல்ல எந்த அத்தையும் சொல்லித்தரவில்லை.

*

ஐந்தாம் நாள் கணினியைத் திறந்தாள். நடந்துகொண்டிருந்த ஏலங்களை நிறுத்த வேண்டும். முதல் பக்கத்தில் 'விற்பனையாளர் இறந்துவிட்டார்' என்று மட்டும் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது பேர் எழுதிவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்று ஒருவர். கடைசி வரை பொய்யே தீண்டாத மனிதர் என்று ஒருவர். அவள் அதற்கு மேல் படிக்கவில்லை.

பழைய ஏலங்களின் பட்டியலில் கீழே, கீழே, ஐந்து வருஷம் கீழே போனாள். மடிப்புக் கேமரா. பெரியவன் எடுத்த படம் அப்படியே இருந்தது. லென்ஸ் கண்ணாடி மாதிரி பளபளத்தது, நல்ல படம்தான். அதன் கீழே அப்பாவின் வரி. அதற்கும் கீழே விற்பனையாளர் ஏதாவது சேர்க்க ஒரு கட்டம் காலியாக இருந்தது.

காலை முழுக்க எழுதி அழித்தாள். அத்தையின் பெயரை எழுதி அழித்தாள். 'அன்பினால்' என்று எழுதி அழித்தாள். 'அவர் நிம்மதிக்காக' என்பதையும் எடுத்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

'மேலே உள்ள வரியை எழுதியிருக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். அதை மகனிடம் நேரில் சொல்லப் போக இருந்தார். அவருக்கு நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் ஏழு வாரம் மறைத்தேன். அதனால் அவர் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. இதில் மகன் தவறு எதுவும் இல்லை. எழுதியது மகள்.'

ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினாள். இனி அவளாலும் அதை அழிக்க முடியாது.

பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், இதுவரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று ஓர் எண் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. அண்ணனைத் தவிர வேறு யாரும் தேடி வரக்கூடிய பக்கம் இல்லை அது. மறுநாள் காலை திறந்தாள். முந்நூற்றுப் பதின்மூன்று. அவன் பார்த்துவிட்டான் என்று நினைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது, யார் திறந்தாலும் எண் கூடும், விற்றவரே திறந்தாலும்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் அவள் அதைத் திறப்பதில்லை. காலையில் முகம் கழுவியதும் திறப்பாள், எண் ஒன்றுக்கு மேல் கூடியிருக்கிறதா என்று பார்ப்பாள், மூடிவிடுவாள். ரயில் போகும் மூன்றாம் தேதி வந்து போனது. அத்தை தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஒரு மாதம் ஆயிற்று, அதற்கு மேலும் பத்து நாள் ஆயிற்று.

நேற்று முந்நூற்று ஐம்பத்திரண்டு. இன்று முந்நூற்று ஐம்பத்து மூன்று.